சாவதானால் சொல்லிவிட்டுச் சாகவும்

பூந்தமல்லியில் எங்கள் அபார்ட்மென்ட் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். தேர்தலில் நின்று ஜெயித்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். மொட்டை மாடியில் பொதுக்குழு நடந்துகொண்டிருந்தபோது போண்டாவுக்குச் சட்னி தீர்ந்துவிட்டது. எடுத்து வரலாமே என்று கீழே இறங்கினேன். திரும்பி வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். சட்னிக்குத்தான் என்று நினைத்து நானும் சிரித்துத் தலையாட்டிவிட்டேன்.

செயலாளர் என்றால் கையெழுத்துப் போடுகிற வேலை என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். மாதம் பிறந்தால் மெயின்டெனன்ஸ் வசூல், கட்டியவருக்கு ரசீது, கட்டாதவருக்கு மனம் நோகாத நினைவூட்டல், நடுவில் தண்ணி லாரிக்கு போன். டிரங்க் ரோட்டில் மெட்ரோவுக்குத் தூண் எழுப்பிய காலத்தில், "குமணன்சாவடி வந்துட்டேன் சார்" என்று சொன்ன லாரிக்காரரை ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாலும் அப்போதுதான் குமணன்சாவடி வந்திருப்பார்.

இன்ஜினியரிங் படிக்கிற என் மகன் இதைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா கஷ்டப்படுறீங்க, ஒரு ஸ்கிரிப்ட் எழுதிட்டா தானா நடக்கும்" என்றான். கீபோர்டில் ஒவ்வொன்றாக அடிக்கிற கட்டளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரு ஃபைலில் எழுதி வைத்தால் கம்ப்யூட்டர் வரிசையாகச் செய்துகொண்டே போகும், அதுதான் ஸ்கிரிப்ட். பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். அதில் பாஷ் என்று ஒன்று இருக்கிறது. பிரையன் ஃபாக்ஸ் என்பவர் எழுதி 1989-ல் வெளிவந்தது, உலகத்து சர்வர்களில் பாதி வேலை அதன் தலையில்தான் என்றான். உலகத்தையே சுமப்பது எங்கள் பிளாக்கைச் சுமக்காதா என்று நானும் உட்கார்ந்தேன்.

"நான் எழுதித் தர்றேன்ப்பா" என்று அவன் சொல்லத்தான் சொன்னான். எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் அக்கவுன்ட்ஸ் பிரிவில் இருந்தபோது எக்செல் மேக்ரோ எழுதியவன் நான். அதில் எனக்கு மிகவும் பிடித்த வரி 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்'. பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்பதுதான் அதன் உத்தரவு. எந்த மேக்ரோ எழுதினாலும் பிள்ளையார் சுழி மாதிரி அதைத்தான் முதலில் போடுவேன். ஓய்வு பெறும்வரை என் மேக்ரோவில் ஒரு பிழைகூட வந்ததில்லை. கணக்குதான் டேலி ஆனதில்லை.

பாஷில் அந்த வரிக்கே அவசியமில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அதன் பிறவிக் குணமே அதுதான். ஒவ்வொரு கட்டளையும் வேலை முடிந்ததும் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகும். பூஜ்யம் கொடுத்தால் வேலை நடந்தது, வேறு எது கொடுத்தாலும் ஏதோ கோளாறு. ஆனால் அந்த எண்ணை ஸ்கிரிப்ட் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். நாம் கேட்டால் காட்டும். நான் எங்கே கேட்டேன்?

என் ஸ்கிரிப்ட் ரொம்ப எளிமையானது. முதல் வரி: பென் டிரைவில் இருக்கும் ரசீது ஃபோல்டருக்குள் போ. இரண்டாவது வரி: அங்கே இருக்கும் பழைய ரசீதுகளையெல்லாம் அழி. மூன்றாவதிலிருந்து புது ரசீது போடு. கடைசி வரியில், பார்க்கிறவர்களுக்கு ஒரு நல்ல வார்த்தையாக இருக்கட்டும் என்று, 'எல்லாம் நல்லபடியாக முடிந்தது' என்று திரையில் காட்டச் சொல்லியிருந்தேன்.

அன்றைக்குப் பென் டிரைவைச் செருக மறந்துவிட்டேன். 'உள்ளே போ' என்ற முதல் வரி, போக இடமில்லாமல் தோற்றது. தோற்றதை யாரும் கேட்கவில்லை. இரண்டாவது வரி வந்தது. எங்கே நிற்கிறோம் என்று பார்க்கவில்லை, நின்ற இடத்தில் இருந்ததையெல்லாம் அழித்தது. நின்ற இடம் என் வீட்டு ஃபோல்டர். அதில் இருந்தவை மச்சினன் கல்யாண போட்டோக்கள். இந்த முறையில் அழித்தது குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாது, நேரே மோட்சம்தான். திரையில் பளிச்சென்று வந்தது: எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

என் மனைவி சத்தம் போடவில்லை. "என் தம்பி கல்யாணத்துல உங்களுக்கு அப்படி என்னங்க கோவம்?" என்று மட்டும் கேட்டாள். பந்தியில் எனக்கு இரண்டாவது தடவை பாயசம் வராததை அவள் இன்னும் மறக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. நானே மறந்திருந்தேன்.

எனக்கு ஆறுதல் சொன்னது உலக வரலாறு. 2015 ஜனவரியில் வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருள், லினக்ஸில் இதே காரியத்தைப் பெரிய அளவில் செய்திருக்கிறது. தன் ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வரி தோற்றுப்போய், முகவரி இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்திருக்கிறது. அடுத்த வரி, 'அந்த முகவரிக்குள் இருப்பதையெல்லாம் அழி'. முகவரி காலியானால் மிச்சம் நிற்பது கம்ப்யூட்டரின் ஆணிவேர். ஒருவருக்குப் பத்திரமாக இருக்கட்டும் என்று வெளி டிரைவில் நகல் எடுத்து வைத்ததும் சேர்ந்து போனது. இதில் எனக்குப் பிடித்தது, அந்த வரிக்கு மேலேயே எழுதியவர் 'பயமா இருக்கு!' என்கிற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு வைத்திருந்ததுதான். பயத்தை எழுதி வைத்த மனிதர், பரிசோதனையை எழுதி வைக்கவில்லை. நம் ஆள் என்று தோன்றியது.

மகன் வந்து ஸ்கிரிப்டின் தலையில் ஒரே ஒரு வரி சேர்த்தான். 'செட் மைனஸ் ஈ'. இனிமேல் எந்தக் கட்டளை பூஜ்யம் தவிர வேறு எண்ணைத் தந்தாலும் ஸ்கிரிப்ட் அங்கேயே உயிரை விட்டுவிடும், அடுத்த வரிக்குப் போகாது என்றான். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் 'நடந்ததா, நடந்ததா' என்று நாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், தானாகப் பார்த்துக்கொள்ளும்.

இதைப் பக்கத்தில் நின்று கேட்ட என் மனைவியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "இதை உங்கப்பாவுக்குப் போட முடியுமாடா?" என்றாள்.

அவள் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. கேஸ் புக் பண்ணீங்களா என்றால் நான் 'ம்' என்பேன். பண்ணியிருந்தாலும் ம், பண்ணாவிட்டாலும் ம், கேள்வியே காதில் விழாவிட்டாலும் ம். "ம்னா எந்த ம்?" என்று அவள் திருப்பிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்காத நாள்களில் சிலிண்டர் தீர்ந்திருக்கிறது. நான் குடியிருக்கும் ஊர் என்ன லேசுப்பட்டதா? திருக்கச்சி நம்பிகள் அவதரித்த பூவிருந்தவல்லி. ராமானுஜருக்காகக் காஞ்சிபுரம் போய் வரதராஜப் பெருமாளிடமே கேட்டு, ஆறு வார்த்தையில் தெளிவாகப் பதில் வாங்கி வந்து கொடுத்தவர் அவர். அதே ஊரில் நான் ஒற்றை எழுத்தில் காலம் தள்ளுகிறேன்.

ஸ்கிரிப்டின் தலையில் அந்த வரி ஏறியதும் நிம்மதியாக இருந்தேன். எதிர்பாராத மாதத்தில் எதிர்பாராத இடத்திலிருந்து அடி விழுந்தது. பாக்கிப் பட்டியல் தயாரிக்கும் வரியை நான் குழாய் இணைப்பு மாதிரி எழுதியிருந்தேன்: வசூல் ஃபைலைத் திற, அதில் 'பாக்கி' என்று இருக்கும் வரிகளைப் பொறுக்கு, அதை வீட்டு எண் வரிசையில் அடுக்கு. இப்படிக் கோத்த கட்டளைகளில் கடைசி ஆள் தருகிற எண்ணைத்தான் பாஷ் பார்க்கும். முன்னால் இருப்பவர்கள் மண்டையைப் போட்டாலும் கணக்கில் வராது. வசூல் ஃபைல் பெயரில் நான் ஒரு எழுத்தை மாற்றி அடித்திருந்தேன். திறக்கிறவர் தோற்றார், பொறுக்குகிறவருக்குப் பொறுக்க எதுவும் வரவில்லை, அடுக்குகிறவர் அந்த ஒன்றுமில்லாததை அழகாக வரிசைப்படுத்திப் பூஜ்யம் கொடுத்துவிட்டார். லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஏறியது: இம்மாதம் பாக்கிதாரர் எவரும் இல்லை.

மூன்றாவது மாடியில் ஒருவர் இருக்கிறார். தீபாவளி போனஸ் வந்தால்தான் மெயின்டெனன்ஸ் கட்டுவார். எந்தத் தீபாவளி என்று சொல்லமாட்டார். அவர் அன்று மாடிப்படியில் என்னைக் கட்டிப்பிடித்தார். செயலாளர் ஆன நாளிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. உண்மை தெரிந்து நோட்டீஸைக் கிழித்தபோது அவர் காட்டிய முகத்தைப் பார்த்தால், நான் அவருடைய சொந்தப் பணத்தைத் திருடியதுபோல் இருந்தது.

மகன் இன்னொரு மருந்து வைத்திருந்தான். 'பைப்ஃபெயில்' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தால் குழாயில் யார் தோற்றாலும் மொத்தக் குழாயும் தோற்றதாகக் கணக்கு. சேர்த்தோம். இதற்கிடையில் லிஃப்ட் படுத்துவிட்டது. பாக்கி முழுவதும் வந்தால்தான் லிஃப்ட்காரருக்குப் பணம் தரமுடியும் என்று நான் கையை விரிக்க, நாலாவது மாடி மாமி ஒவ்வொரு வீடாகப் படியேறி இறங்கி, ஏறி இறங்கிய கோபத்தையும் சேர்த்துக் காட்டி, எல்லோரையும் கட்டவைத்துவிட்டார். சங்க வரலாற்றில் முதல் தடவையாக நிஜமாகவே பாக்கிதாரர் எவரும் இல்லை.

அந்த மாதம் ஸ்கிரிப்ட் செத்துப்போனது.

காரணம் கேளுங்கள். வரிகளைப் பொறுக்குகிற கட்டளைக்கு க்ரெப் என்று பெயர். தேடியது கிடைத்தால் பூஜ்யம் தரும். கிடைக்காவிட்டால் ஒன்று தரும். நிஜமான கோளாறு என்றால் இரண்டு. பாக்கி என்ற வார்த்தையே இல்லை என்பதால் அது ஒன்றைத் தந்தது. முன்பெல்லாம் பின்னால் நிற்கிற அடுக்குகிறவர் அதை மூடி மறைத்துவிடுவார், இப்போது பைப்ஃபெயில் அதை மேலே கொண்டுபோய்க் கொடுத்தது. செட் மைனஸ் ஈ, 'ஆஹா, கோளாறு' என்று அங்கேயே கழுத்தை அறுத்தது. எல்லோரும் பணம் கட்டிவிட்டார்கள் என்ற சந்தோஷச் செய்தியைக் கேட்டு மாரடைப்பில் போன முதல் ஸ்கிரிப்ட் என்னுடையதாகத்தான் இருக்கும். ஒருவருக்கும் ரசீது போகவில்லை. "கட்டாதப்ப மட்டும் கரெக்டா லெட்டர் வருது, கட்டினா ஒண்ணும் வரலியே சார்" என்றார் மூன்றாவது மாடிக்காரர். அவர் கேட்டதுதான் தாங்கவில்லை.

கோபத்தில் நானே களத்தில் இறங்கினேன். ஒரு வரியின் முடிவில் இரண்டு செங்குத்துக் கோடு போட்டு 'ட்ரூ' என்று எழுதினால், அந்த வரி தோற்றாலும் ஜெயித்ததாக எடுத்துக்கொள்ளும் என்று படித்தேன். க்ரெப் வரிக்குப் போட்டேன். கை அரித்தது. அடுத்த வரிக்கும் போட்டேன். ராத்திரிக்குள் எல்லா வரிக்கும் போட்டுவிட்டேன். மகன் காலையில் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தான். "தலையில ஒரு வரி போட்டு நிறுத்தச் சொன்னேன். நீங்க வாலுல அத்தனை வரி போட்டு நிறுத்தாதேன்னு சொல்லியிருக்கீங்களேப்பா." எக்செல் காலத்து இடத்துக்கே வந்து நின்றேன். ஒன்று மட்டும் வித்தியாசம், அங்கே சம்பளம் கொடுத்தார்கள்.

தரைத்தளத்தில் ஒரு சார் இருக்கிறார். பெரிய கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவில் காலமெல்லாம் பெர்ல் எழுதியவர். காம்பவுண்டுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு என் கதையைக் கேட்டார்.

"பெர்ல் 1987-ல வந்தது சார், லாரி வால் எழுதினது. அதுலயும் இதே தொல்லைதான். ஒரு ஃபைலைத் திறன்னு சொன்னா, திறக்க முடியலைன்னா பொய்ங்கிற மதிப்பைத் திருப்பித் தரும், அவ்ளோதான். அதனால ஒவ்வொரு வரி பின்னாடியும் 'ஆர் டை'ன்னு எழுதணும். திற, இல்லாட்டிச் செத்துப்போ. என் சர்வீஸ்ல எத்தனை ஆர் டை எழுதியிருப்பேன் தெரியுமா? அப்புறம் பால் ஃபென்விக்னு ஒரு ஆஸ்திரேலியாக்காரர் ஆட்டோடைன்னு ஒண்ணு செஞ்சார். மேல ஒரு வரி போட்டா போதும், திற, மூடு, அழி, ஃபோல்டர் மாத்து எல்லாமே தோத்தா தானா சாகும். சும்மா சாகாது. எந்த ஃபைல், எந்த வரி, என்ன காரணம், எல்லாம் சொல்லிட்டுத்தான் சாகும். 2009-ல 5.10.1 பதிப்போட பெர்ல்லயே சேர்ந்து வந்துடுச்சு."

"நல்லதாப் போச்சே சார்" என்றேன்.

"என்ன நல்லது? நான் ரிடையர் ஆனப்புறம் வந்தது!"

பதினைந்து வருஷம் ஆகியும் அவருக்கு ஆறவில்லை. ஆட்டோடையிலும் ஓட்டை உண்டு என்று சொல்லிக் கொஞ்சம் சமாதானம் அடைந்தார். அது எழுதின வட்டத்துக்குள்தான் செல்லும், அடுத்தவர் எழுதிய மாட்யூலைத் தொடாது. வெளி புரோகிராமை ஓட்டுகிற 'சிஸ்டம்' கட்டளையைத் தானாகப் பார்க்காது, தனியாகச் சொல்லவேண்டும். 'பிரின்ட்' தோற்றால் அதற்குத் தெரியவே தெரியாது. எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்கிறவர்கள் எங்கள் சங்கத்திலும் இருந்திருக்கிறார்கள். அவர்களும் கழிவுநீர் லாரி விஷயத்தைத் தனியாகச் சொன்னால்தான் பார்ப்பார்கள்.

இந்தச் சாவுப் பேச்செல்லாம் கேட்ட என் மனைவி, அதென்ன எல்லாம் இங்கிலீஷில், தமிழில் எழுதினால் நானும் படிப்பேனே என்றாள். அதற்கும் வழி இருக்கிறது. முத்து அண்ணாமலை என்பவர் பைத்தானை வைத்து 'எழில்' என்று ஒரு தமிழ் நிரல்மொழியே உருவாக்கியிருக்கிறார். அதில் 'ஆனால்', 'இல்லை', 'முடி' எல்லாம் கட்டளைகள். படித்ததும் இது எங்கள் பொதுக்குழுவின் மினிட்ஸ் புத்தகம் அல்லவா என்று மூடிவைத்துவிட்டேன்.

நான் சும்மா தோற்றுக்கொண்டே இருக்கிறவன் அல்ல. மகனை மடக்க ஒரு சரக்கு தேடிப் பிடித்தேன். 1996 ஜூன் 4. பிரெஞ்சு கயானாவில் கூரூ தளத்திலிருந்து ஏரியன் 5 ராக்கெட் முதல்முதலாகக் கிளம்புகிறது. வழிகாட்டும் கம்ப்யூட்டரில் இருந்தது பழைய ஏரியன் 4-ன் மென்பொருள். 64 பிட்டில் இருந்த ஒரு பெரிய எண்ணை 16 பிட்டுக்குள் அடைக்கப் பார்த்தது. அடங்கவில்லை. பிழை வந்தால் நின்றுவிடு என்று எழுதியிருந்தார்கள், நின்றுவிட்டது. மாற்றுக்கு வைத்திருந்த கம்ப்யூட்டரிலும் அதே மென்பொருள், அது இதற்கு ஒரு கண்ணிமைப்புக்கு முன்பே நின்றிருந்தது. செத்த கம்ப்யூட்டர் அனுப்பிய பிழைத் தகவலை, பறக்கிற தகவல் என்று நினைத்து ராக்கெட் தடாலென்று திரும்ப, கிளம்பிய நாற்பது வினாடிக்குள் வானத்தில் வெடித்துச் சிதறியது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் கணக்கே தரையில் நிற்கும்போதுதான் தேவை. கிளம்பியபின் அந்தப் பதில் யாருக்கும் வேண்டாம்.

"பாத்தியா? அந்த இடத்துல நான் எழுதியிருந்தா ரெஸ்யூம் நெக்ஸ்ட் போட்டிருப்பேன், ராக்கெட் போய்ச் சேர்ந்திருக்கும்" என்றேன், மார்பை நிமிர்த்தி.

மகன் கொஞ்ச நேரம் யோசித்தான். "போயிருக்கலாம்ப்பா. ஆனா எங்க போயிருக்கும்?" என்றான். "நின்னது தப்பில்ல. நின்னதைக் கேட்டு என்ன செய்யணும்னு யாரும் யோசிச்சு வைக்கலை. நம்ம ஸ்கிரிப்டும் க்ரான்ல, அதான் குறிச்ச நேரத்துக்குத் தானா ஓட்டிவிடுறதுல, ராத்திரி தனியா ஓடுது, செத்தா யாருக்குத் தெரியுது?"

அவனே உட்கார்ந்து எழுதினான். என் 'ட்ரூ'க்களையெல்லாம் பிடுங்கி எறிந்தான். க்ரெப் வரிக்கு மட்டும் சலுகை: ஒன்று வந்தால் பரவாயில்லை, இரண்டு வந்தால் சாகலாம். ஃபோல்டருக்குள் போகாவிட்டால் அழிக்கும் வரி எந்தக் காலத்திலும் ஓடாது. எல்லாவற்றுக்கும் மேலாக 'ட்ராப்' என்று ஒரு வரி: சாகும் நேரத்தில் எந்த வரியில் எதனால் என்று ஒரு மெயில் போட்டுவிட்டுச் சாகவேண்டும். மெயில் யார் யாருக்கு என்று கேட்டான். எனக்கு, தரைத்தள சாருக்கு என்றேன். அவன் மூன்றாவதாக ஒரு முகவரியும் சேர்த்ததை நான் பார்க்கவில்லை.

போன மாதம் ஒன்றாம் தேதி காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மனைவி கையில் போனோடு வந்து நின்றாள்.

"ராத்திரி பதினாலாவது வரியில செத்துடுச்சாம். பென் டிரைவ் இல்லையாம். எங்க வச்சீங்க?"

சட்டைப் பையில் என்றேன். எந்தச் சட்டை என்றாள். நேற்று போட்டிருந்த சட்டை என்றேன். அது எங்கே என்றாள். ராத்திரி நானே பொறுப்பாக வாஷிங் மெஷினில் போட்டு ஸ்விட்ச் தட்டியதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவளுக்குச் சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. இரண்டு பேரும் ஓடினோம்.

மெஷினில் சிவப்பாக இரண்டு எழுத்து மின்னிக்கொண்டிருந்தது. கதவு சரியாகச் சாத்தவில்லை என்று அர்த்தமாம். அதனால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே விடாமல் ராத்திரி முழுக்க அப்படியே நின்றிருக்கிறது. சட்டை அழுக்காக இருந்தது, பென் டிரைவ் காய்ந்து பத்திரமாக இருந்தது.

"ராத்திரி இது கீக் கீக்குனு கத்தினப்ப நான் என்னன்னு கேட்டேனே, நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள்.